கடலுக்குள் நின்ற வெளிச்சம்

பெண் வீட்டாரிடம் தன் வேலையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் மாப்பிள்ளையை ஊருக்குள் விடவே கூடாது. எண்பதுகளில் நான் அப்படியொரு மாப்பிள்ளை. காரைக்காலில் ரேடார் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வரிச்சிக்குடியில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். கடலுக்குள் எங்கே மழை என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடுவேன் என்று வருங்கால மாமனாரிடம் அளந்து வைத்திருந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அந்தி. தை மாதம், வானத்தில் பொட்டு மேகமில்லை. ரேடார் அறை இருட்டில் பச்சைக்கோடு வட்டமடித்துக்கொண்டிருந்தது. கோடியக்கரைக்கு அப்பால், வெறுங்கடல் இருக்க வேண்டிய இடத்தில், நீளமாக ஒரு வெளிச்சம். கோடு தாண்டியதும் மங்கும். மறுசுற்றில் மறுபடி விழிக்கும். புயலேதான் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஷிப்டுக்கு வந்த பெரியவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல வேண்டும் என்றார். எனக்கோ மாமனாரின் களத்தில் கிடக்கும் நெற்கட்டுகள்தான் கண்ணில் நின்றன. சைக்கிளை மிதித்தேன்.

புயல் என்றதும் மாமனார் ஒரு கேள்வி கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம்.) பந்தலைப் பிரித்தார்கள். வருஷத்துச் சாப்பாடு முழுவதும் கட்டுக்கட்டாகக் கூடத்துக்குள் வந்தது. கதவு, சன்னல் எல்லாம் சாத்திக் காத்திருந்தோம்.

ஒரு இலை அசையவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. அந்த அமைதிதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது, என்னையும் சேர்த்து. நெல் சுணையில் ஆளாளுக்குச் சொறிந்துகொள்ளும் சத்தம் மட்டும் இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத பெண், சன்னலை லேசாகத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, நட்சத்திரமெல்லாம் தெரியுதுங்களே."

அது புயலின் கண், நடுவில் வரும் அமைதி என்று விளக்கினேன். (புயலுக்கு முன்னாடியே கண் வந்துவிட்டதாம்.)

சற்று நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம். பெரியவர் என்னைத் தேடி வந்திருந்தார்.

"தம்பி, ரொம்ப நேரம் பாத்தேன். அது நகரவே இல்ல. புயல்னா நகரணும். நீ பாத்தது யாழ்ப்பாணத்துக் கரை."

இப்படிக் காற்றில்லாத அந்திகளில் ரேடாரின் அலை வளைந்து, கடலை ஒட்டியே போய், எட்டாத கரையையும் தொட்டுத் திரும்புமாம். தலையெல்லாம் வைக்கோலோடு மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து அவள் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். மாமனாருக்கும் வாய் கோணியது. மறுநாள் நெற்கட்டுகளுக்கு நடுவில், சொறிந்தபடியே தட்டு மாற்றினோம்.

அதிலிருந்து பதவி உயர்வு வருகிறது என்றாலும் சரி, பஸ் வருகிறது என்றாலும் சரி, வீட்டில் எனக்கு ஒரே கேள்விதான்: "நகருதா?" குழந்தைகள்கூடக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு ஐப்பசி இரவு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கடலில் ஒன்று தெரிகிறது என்றேன். அவள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நகருது" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவள் எழுந்து போய்க் குழந்தைகளை எழுப்பினாள்.