இருபத்திரண்டு நிமிட ஆட்டம்

இந்தக் கம்ப்யூட்டரை ஒரு வழிக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று பொவாச்சி முடிவெடுத்தபோது, திரையில் அவன் மாமியார் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். தூக்கிய கால் தரைக்கு வர ஒன்பது விநாடி ஆயிற்று. எழுபது வயதில் எந்த மனுஷியாலும் அப்படி நிற்க முடியாது. ப்ரிவியூ அவ்வளவு திக்கித் திணறி ஓடியது.

மாமியாரின் எழுபதாம் பிறந்தநாள் விருந்து வீடியோ அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மண்டபத்தில் போட்டுக் காட்டவேண்டும். அதைப் பார்க்க, பக்கத்து ஊர் அரசர் சார்பில் கோல் பிடித்துப் பேசுகிற பெரியவர் வருகிறார் என்று சேதி. அரசரின் பட்டாபிஷேக வெள்ளிவிழாப் படத்தை யாரிடம் கொடுப்பது என்பது அந்தப் பெரியவர் கையில்தான் இருந்தது. கானா நாட்டுக் குமாசியில் கல்யாணத்தையும் சாவையும் எடுத்தே பதினைந்து வருஷத்தை ஓட்டிவிட்ட பொவாச்சிக்கு இந்த ஒரு படம் கிடைத்தால் போதும். நினைத்தாலே கண் சொருகும். விடியல் பனி, அதற்குள்ளிருந்து முரசு, முரசுக்குப் பின்னால் பட்டுக் குடை, எல்லாம் கரைந்தபின் திரை நடுவே அவன் பெயர். அந்த இடம் வந்ததும் அவன் கொஞ்சம் புன்னகைப்பான்.

சொருகிய கண்ணைத் திறந்து ஒரு நல்ல காரியமும் செய்தான். கனமான வீடியோ ஒவ்வொன்றுக்கும் லேசாக ஒரு நகல் எடுக்கவைத்தான். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் நடக்கும். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது கம்ப்யூட்டரே அசலைப் போட்டுக்கொள்ளும். அரைநாள் முனகிவிட்டு வேலையை முடித்தது கம்ப்யூட்டர். அப்புறம் பார்க்கவேண்டுமே அதை! மாமியாரின் கால் இறங்கியது, ஏறியது, இடுப்பு குழைந்தது. துண்டுகளை வரிசையாக அடுக்கிய டைம்லைனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தால் வெண்ணெயாக வழுக்கியது. படத்துக்கு அழகு சேர்க்க அவன் விடியலில் எடுத்துவைத்திருந்த ஏரிமேல் பனி வந்தது, போனது, திரும்ப வந்தது. பொவாச்சி வேலையை மறந்து அதையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி பிராகோ ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்தாள். எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுவது, எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண்டாட்டிக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் அவனும் ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தான்.

"அம்மா ஆட்டம் எவ்வளவு நேரம் வருது?" என்றாள்.

"முழுசா. இருபத்திரண்டு நிமிஷம்."

"ரெண்டு விரல் நீட்டினவங்க?"

"எல்லாரும் இருக்காங்க, தாயே."

ஆடுகிறவர் தலைக்குமேல் இரண்டு விரலை நீட்டுவது பெரிய மரியாதை. நீட்டியவர் படத்தில் வராமல் போனால் வாய் திறந்து கேட்கமாட்டார். மாமியாரோடு பேச்சை நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான். அன்று அறுபது பேராவது நீட்டியிருந்தார்கள்.

பொவாச்சி சொன்னது பொய்யில்லை. அவளுக்குக் காட்டிய டைம்லைனில் எல்லாரும் இருந்தார்கள். அவளுக்குக் காட்டாமல் இன்னொன்று வைத்திருந்தான். அதில் மாமியார் ஒரு நிமிஷம் ஆடுவாள். மிச்சமெல்லாம் ஏரி, பனி, படகு, மறுபடி பனி. அரசரின் ஆள் வந்து உட்கார்ந்து ஒரு கிழவியை இருபத்திரண்டு நிமிஷம் பார்த்தால் வெள்ளிவிழாவைத் தருவாரா? முதலாவது பெண்டாட்டிக்கு, இரண்டாவது மண்டபத்துக்கு. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் பிராகோ மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து ஃபுஃபு உருண்டையாக இடித்து, ஆட்டுக்கறி சூப்பில் போட்டு, ஒரு குண்டான் நிறையக் கொடுத்தாள். தின்றவன் நாற்காலியிலேயே சாய்ந்தான். மெத்துமெத்தென்று ஒரு கனவு. ஏரிமேல் அவன் நாற்காலி மிதக்கிறது. கரையில் பட்டுக் குடைகள் அசைகின்றன. அவன் கை நீட்டி, தண்ணீரில் தெரிந்த பொத்தானை அழுத்துகிறான். இரண்டாவது டைம்லைன் படமாக மாறி மெல்ல மேலே எழும்புகிறது.

விழித்தபோது சாயங்காலம். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

"படம் முடிஞ்சிருச்சு. பென்டிரைவ்ல ஏத்தி பைக்குள்ள வெச்சிட்டேன்," என்றாள் பிராகோ.

"நான் அழுத்திட்டுத்தான் தூங்கினேனா?"

"பின்னே? அழுத்திட்டுத்தானே அப்படிச் சிரிச்சீங்க."

சிரித்தது அவனுக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் நம்பிவிட்டான், பாவம்.

மண்டபத்தில் விளக்கு அணைந்தது. ஏரிப்பனி வந்தது. பொவாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்து விநாடியில் பனி விலகி மாமியார் வந்தாள். அதற்கப்புறம் அவள் போகவேயில்லை. முன்வரிசையில் பெரியவர் ஆடாமல் அசையாமல் இருந்தார். தூங்கிவிட்டார், வெள்ளிவிழா போச்சு என்று பொவாச்சி தலையில் கை வைத்துக்கொண்டான்.

பதினாறாவது நிமிஷம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளை வேட்டி போர்த்த ஒருவர் வந்தார். கோல் இல்லை, கூட ஆள் இல்லை. மாமியார் தலைக்குமேல் இரண்டு விரலை நீட்டி, கொஞ்சம் இடுப்பையும் ஆட்டிவிட்டுப் போனார். சாட்சாத் அந்தப் பெரியவரேதான். மண்டபம் அதிரக் கைதட்டியது. தன் டைம்லைனில் அந்த மனுஷனைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வெட்டி எறிந்தது பொவாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்குத் தெரியாமலா?" என்று பக்கத்திலிருந்த பிராகோவிடம் பல்லைக் கடித்தான்.

"டைம்லைன் திக்கினப்போ நான் கிட்டவே வரலைங்க. நீங்கதானே அதை இப்படி வழுக்கவிட்டீங்க. நீங்க தூங்கினப்போ, ஒரு சூப் கொதிக்கிற நேரத்துல முடிச்சிட்டேன்."

பெரியவர் எழுந்து வந்தார். அவன் கை குலுக்கத் தயாரானான். அவர் அவனைச் சுற்றிக்கொண்டு பிராகோவிடம் போனார். யார் வேலை இது என்று மாமியார் முன்பே ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

"அரசர் படத்தையும் நீயே வெட்டிக் கொடும்மா. திங்கட்கிழமை வந்துடு. ஒத்தாசைக்கு ஆள் வேணுமா?"

பிராகோ புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒருத்தர் இருக்காருங்க. கேமரா ஸ்டாண்ட் நல்லாத் தூக்குவாரு."