வெள்ளெலி தன் வீட்டைச் சுற்றிக் காட்டிய கதை

ஒரு காட்டில், அங்கே ராஜா யார் என்பது நமக்கு வேண்டாத விஷயம், ஒரு வெள்ளெலிக் குடும்பம் இருந்தது. அப்பா தணிகாசலம், அம்மா பொற்கொடி, கண் திறந்து பத்தே நாளான நாலு குட்டிகள்.

அவர்களுடைய வளை, வெள்ளெலிகள் காலங்காலமாகத் தோண்டுகிற மாதிரியான வளைதான். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல், அது போக ஓரமாக மேலே ஏறும் ஓர் அவசர வழி. அதன் வாயை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருந்தார்கள். பாம்பு வந்தால் தலையால் ஒரு முட்டு முட்டி வெளியே ஓடிவிடலாம். மற்றபடி உள்ளே ஒரே இருட்டு, சந்து, வளைவு.

ஓடைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டுப் பால் காய்ச்சும் விழாவுக்குப் போய்வந்த நாளிலிருந்து பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

"அவங்க வீட்ல ஹால்ல நின்னா கிச்சன் தெரியுதுங்க. நம்ம வீட்ல நின்னா நம்ம காலே நமக்குத் தெரியல" என்றது.

மறுநாளே இன்டீரியர் டிசைனரை அழைத்து வந்தார்கள். அவர் ஓர் ஓணான். வேலிக் கம்பில் குடியிருப்பவர். சொந்த வீட்டில் ஒரு நாள்கூட இருந்து பழக்கமில்லாததால் வீட்டைப் பற்றி அவருக்கு மிகத் தெளிவான கருத்துகள் இருந்தன.

"சுவரு எதுக்கு? எடுத்துடலாம். எல்லாம் ஓப்பனா இருக்கணும். பின்வாசல் இருக்கிற இடம்தான் டிவி யூனிட்டுக்கு அமைப்பா இருக்கு, பேனல் போட்டு மூடிடலாம். அந்த மேல் வழியில பூஜை ஷெல்ஃப்."

"சார், பாம்பு வந்தா?" என்று கேட்டது தணிகாசலம்.

ஓணான் தலையாட்டியது. தணிகாசலத்துக்கு மனசு நிம்மதியாகிவிட்டது. ஓணான் எதைக் கேட்டாலும் தலையாட்டும், ஒன்றும் கேட்காவிட்டாலும் ஆட்டும் என்பது அந்த அப்பாவிக்கு உறைக்கவில்லை.

வேலை முடிந்தது. ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மூன்று நிறத்தில் எரியும் விளக்கு, கைப்பிடி இல்லாத அலமாரிகள், தந்த நிறத்தில் ஒரு சோபா. சோபாவுக்கு மேல் கண்ணாடிக் காகிதம் போலொரு உறை. அதைக் கழற்றக் கூடாது என்றும், கழற்றாமலும் உட்காரக் கூடாது என்றும் பொற்கொடி சட்டம் போட்டது. கிச்சன் அத்தனை அழகாக இருந்ததால் அதில் சமைக்க யாருக்கும் மனசு வரவில்லை. சமையல், சாப்பாடு எல்லாம் வெளியே புங்கமரத்தடிக்கு மாறின. குட்டிகள் தரையில் படுத்தன. தூங்கும்போதும் கால் நீட்டாமல் தூங்கின.

பார்க்க வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. புது வீட்டுக்கு வந்தவர்களை லாஃப்ட் முதல் பாத்ரூம் வரை சுற்றிக் காட்டாமல் அனுப்பினால் அது மரியாதையா? வாசலில் நிழல் தட்டினாலே பொற்கொடியின் வாய் தானாக ஆரம்பித்துவிடும்.

அப்படியொரு மத்தியானம் வாசலில் தட்டிய நிழல் நீளமாக இருந்தது. சாரைப்பாம்பு.

முன்பெல்லாம் சாரை அந்த வளைக்குள் தலைவிட்டால் திருப்பத்துக்குத் திருப்பம் மண்டை இடிக்கும். இப்போது வாசலில் இருந்தபடியே ஒரே பார்வையில் நாலு குட்டிகளும் தெரிந்தன. தணிகாசலம் பின்வாசலுக்கு ஓடியது. டிவி. மேல் வழிக்கு ஓடியது. சாமி. அங்கேயே நின்று கும்பிட ஆரம்பித்துவிட்டது.

பொற்கொடிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் பழகிய வாய் அல்லவா, அது பாட்டுக்குத் திறந்தது.

"வாங்க, வாங்க. மொதல்ல வீட்டைப் பாத்துடுங்க."

சாரை யோசித்தது. குட்டிகள் எங்கே போய்விடப் போகின்றன? அதோடு புது வீட்டுக்கு வந்துவிட்டுப் பார்க்காமல் சாப்பிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

"இது டிராயருங்க. லேசா அழுத்துங்க. இழுக்காதீங்க, தானா வரும். விட்டுடுங்க, மெதுவா அதுவே மூடிக்கும்."

கையில்லாத சாரைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மூக்கால் அழுத்தியது. மூடியது. மறுபடி அழுத்தியது. பதினோரு தடவை. மூன்று நிற விளக்கையும் போட்டுப் பார்த்தது. கடைசியில் வந்த வேலை ஞாபகம் வந்து, குட்டிகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது.

"ஐயையோ, ஹால்ல சாப்பிடாதீங்க" என்றது பொற்கொடி. "கறை பட்டா போகவே போகாது."

சாரை வாயை மூடிக்கொண்டது. உண்மையாகவே சங்கடப்பட்டது.

"மன்னிச்சுக்கம்மா. கிச்சன்ல?"

"அது பார்க்கறதுக்குங்க."

"அப்ப நீங்கல்லாம் எங்கதான் சாப்பிடுவீங்க?"

"வெளிய, புங்கமரத்தடியில. நீங்க போய் உக்காருங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன்."

நியாயமாகத்தான் பட்டது. சாரை வெளியே போய், மரத்தடியில் சுருண்டு, காத்திருந்தது.

உள்ளே தணிகாசலம் டிவி பேனலைக் கடிக்கப் போனது. பொற்கொடி குறுக்கே விழுந்தது.

"எட்டு நாள்தாங்க ஆகுது, அதை மாட்டி."

"நாலு பிள்ளைங்க இருக்குடி."

பொற்கொடி நாலு குட்டிகளையும் பார்த்தது. பேனலைப் பார்த்தது. மறுபடி குட்டிகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தணிகாசலம் கடித்த ஒவ்வொரு கடிக்கும் அது விம்மி விம்மி அழுதது. ஆறு உயிரும் அந்த ஓட்டை வழியாகத் தப்பித்து, பாதையோரத்துப் பனங்கிழங்குக் குழியில் போய் விழுந்தன. இருட்டு, மண், ஈரம். வீட்டு வேலை முடிந்ததிலிருந்து குட்டிகள் முதல்முறையாகக் காலை நீட்டித் தூங்கின.

பொழுது சாய்ந்ததும் சாரை உள்ளே வந்து பார்த்தது. யாருமில்லை. ஏமாற்றத்தில் டிராயரை ஒரு தடவை அழுத்தியது. மெதுவாக மூடியது. அங்கேயே தங்கிவிட்டது. ஓணானை வரவழைத்து, பேனல் ஓட்டைக்கு மேல் ஒரு சூரியகாந்திப் படமும், வாசலுக்குப் புதுசாக ஒரு கர்ட்டனும் மாட்டச் சொன்னது. ஓணான் தலையாட்டியது.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் நடந்ததுதான் விசேஷம். தவளை வந்தது, காடை வந்தது, எலிகள் குடும்பம் குடும்பமாக வந்தன, வீடு பார்க்க. சாரை எல்லோரையும் லாஃப்ட் முதல் பாத்ரூம் வரை சுற்றிக் காட்டியது. ஹாலில் ஒருவரையும் தின்னவில்லை, கறை படும். மரத்தடிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் "இருக்கட்டுங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று கிளம்பிவிட்டார்கள். இரண்டே மாதத்தில் சாரை கயிறாக இளைத்துப்போனது.

ஒரு நாள் பொற்கொடியும் குட்டிகளோடு பார்க்கப் போனது. சாரைக்கு அடையாளம் தெரிந்தது, பசியும் தெரிந்தது. ஆனாலும் கண்ணீரோடு, "வாங்க, மொதல்ல வீட்டைப் பாத்துடுங்க" என்றது.

முழுக்கப் பார்த்துவிட்டு வெளியே வந்த பொற்கொடி வயிறெரியக் குட்டிகளிடம் சொன்னது:

"கர்ட்டன் கலர் எடுப்பாவே இல்ல."

நீதி: பகைவனை ஒழிக்க விரும்புகிறவர்கள் அவனுக்கு ஓர் அழகான வீட்டைக் கொடுத்துவிட வேண்டும். சோபா உறையைக் கழற்றிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளவும்.