பூட்டிய வீட்டில் ஓடிய மீட்டர்

தன்மானம் மிகுந்த ஒருவனுக்கு மாமனார் வீடு வெகுதொலைவில் இருக்க வேண்டும். அல்லது அடுத்த தெருவில் இருக்க வேண்டும். தொலைவில் இருந்தால், போகாததற்குத் தொலைவையே காரணம் காட்டலாம். அடுத்த தெருவில் இருந்தால், போனதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். என் மாமனார் வீடோ இரண்டுங்கெட்டானாக, நான் குடியிருந்த இராஜபாளையத்திலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. என் வாழ்வில் நேர்ந்த ஒரே பெரிய அவமானத்துக்கு (அந்த ‘ஒரே’யை என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள்) அந்த அரைமணி நேரமே மூல காரணம்.

இதை நான் விரும்பி எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். ஆண்டுக்கு ஆண்டு கதை வளர்கிறது. அண்மையில் ஒரு நிச்சயதார்த்தத்தில், நான் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாக என் மைத்துனர் மகன் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தான். நான் அழவில்லை. சேலையும் ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி பதிவு செய்துவிடுவது என் பெயருக்கு நல்லது என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளன். கஞ்சி போட்ட சட்டை, கறுப்புக் குடை, சிரிக்காத முகம். மாணவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. என் மனைவி கோமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை. மூன்றாம் மாதம் தாயும் பிள்ளையும் இராஜபாளையம் திரும்புவதாகப் பேச்சு. மாமனார் முறைப்படி வந்து, தாம்பூலத் தட்டு வைத்து, “மாப்பிள்ளை வந்து அழைத்துப்போக வேண்டும்” என்று சொல்ல வேண்டும்; நான் போய் அழைத்து வர வேண்டும். எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

மாமனார் தட்டு வைக்கவில்லை. டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்.

கல்லூரிக்குப் போகும் பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும். ஒரு காலையில் மாணவர்கள் நிரம்பி வழியும் அந்தப் பேருந்தில், பின்படிக்கட்டிலிருந்து கண்டக்டர் முருகையா குரல் கொடுத்தார். “சார்வாள், ஒங்க மாமா ஒங்கள வந்து அக்காவக் கூட்டிட்டுப் போகச் சொன்னாக. வில்லிபுத்தூருக்கே டிக்கெட் போட்டுருவமா?”

பேருந்து முழுவதும் சிரித்தது. ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் கிருஷ்ணன்கோவிலுக்கே டிக்கெட் வாங்கினேன். அன்று மாலை ஒரு முடிவுக்கு வந்தேன்: கண்டக்டர் வழியாக அழைக்கப்படும் மாப்பிள்ளை நான் அல்லேன். மாமனாரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: “சொல்லிவிட்டாச்சு. இனி அவர் பாடு.” மூன்றாம் மாதம் போயிற்று. நான்காம் மாதம் அழைக்கக் கூடாது என்றார்கள். ஐந்தாம் மாதம் பிறந்தது. இருவரும் அசையவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நான் தினமும் இரண்டு முறை என் மனைவி இருக்கும் தெருமுனையைக் கடந்துகொண்டிருந்தேன். மாலையில் பேருந்து திரும்பும் வேளையில் கோமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த முனையில் நிற்பாள். பூ வாங்க வந்தவளைப்போல நிற்பாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓட்டுநருக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. எந்த இருக்கையில் அமர்ந்தால் அந்தக் கண்ணாடியில் அந்தத் தெருமுனை விழும் என்பதை ஒளியியல் படித்தவன் என்ற முறையில் நான் கணித்து வைத்திருந்தேன். குழந்தையின் தலையில் முடி அடர்ந்து வருவதை அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தேன். பேருந்து நகர்ந்ததும் அவர்கள் சிறுத்துச் சிறுத்து, கண்ணாடியின் ஓரத்தில் வளைந்து மறைவார்கள். அடுத்த நாள் மாலை வரைக்கும் அதுதான்.

இனி மீட்டருக்கு வருகிறேன்.

நான் குடியிருந்தது காதர் பாயின் காம்பவுண்டில். மில் சங்கு கேட்கும் தூரம். நடுவில் கிணறும், மீட்டர் பலகையும். சுற்றிலும் வரிசையாகச் சிறுவீடுகள். மின்வாரிய மீட்டர் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு ஒரு சப்-மீட்டரைக் காதர் பாய் மாட்டியிருந்தார். அவர் பேண்டேஜ் துணி வியாபாரி; யார் மனமும் கோணாமல் பேசத் தெரிந்தவர். சிக்கல் என்னவென்றால், எல்லாச் சப்-மீட்டர்களையும் கூட்டினாலும் பெரிய மீட்டர் காட்டுகிற அளவு வரவில்லை. எங்கோ கரண்ட் கசிந்தது. யாரோ திருடுகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள், மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்ப்பவர், வீட்டு விளக்கைப் போடும்போதெல்லாம் “ஏ, எங்க வீட்டுல லைட்டு போடுதோம், எல்லாரும் பாத்துக்கிடுங்க” என்று முற்றத்துக்கே அறிவித்துவிட்டுப் போட்டார்.

காதர் பாய் என்னிடம் வந்தார். “சார், ஒங்களுக்குத்தான் இது படிப்பு. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாக.”

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனைவரையும் மீட்டர் பலகையின் முன் கூட்டினேன். ஒரு சிற்றுரை ஆற்றினேன். (சிறியது என்று நான் நினைத்தேன்.) மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு உண்டு, அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு உண்டு, வீட்டில் ஏதாவது ஓடினால்தான் தட்டு சுழலும் என்று விளக்கினேன். “மனிதர்கள் பொய் சொல்லலாம். மீட்டர் பொய் சொல்லாது” என்று முடித்தேன். பிறகு விதிகளை அறிவித்தேன். ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள அனைத்தையும் அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியைக் காதர் பாயிடம் கொடுக்க வேண்டும். எல்லா வீட்டுத் தட்டும் நின்ற பிறகும் பெரிய மீட்டர் சுழன்றால்தான் கசிவைத் தேட முடியும். எவர் வீட்டுத் தட்டு அப்போதும் சுழல்கிறதோ, அந்த வீட்டைக் காதர் பாய் திறந்து பார்ப்பார். விதிவிலக்கு யாருக்கும் கிடையாது. எனக்கும்தான் என்று நானே பெருந்தன்மையுடன் சேர்த்துக்கொண்டேன்.

எல்லோரும் போய் அணைத்துவிட்டு வந்தார்கள். நானும் போய்க் கூடத்து விளக்கையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு வந்து சாவியைக் கொடுத்தேன்.

தட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. பேச்சியம்மாள் வீட்டுத் தட்டு நின்றதும் அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாக ஒன்று மட்டும் மெல்ல, நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

“சார், இது ஒங்களதுல்லா?” என்றார் காதர் பாய், தாழ்ந்த குரலில்.

நான் கலங்கவில்லை. “பழைய மீட்டர்களில் இப்படி ஒரு குறை உண்டு. எதுவும் ஓடாதபோதும் தட்டு சற்றே நகரும். தவழ்தல் என்று பெயர். கவலைப்பட வேண்டாம். ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும்” என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

காம்பவுண்டே சிவப்புக் கோட்டை எதிர்பார்த்து நின்றது. கோடு வந்தது, கடந்து போயிற்று. கோடு மறுபடியும் வந்தது.

“தவந்த பிள்ள எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிருச்சே சார்” என்றார் பேச்சியம்மாள்.

காதர் பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வகுத்த விதி. நான் தலையசைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

கதவு திறந்தது. காதர் பாய் மட்டும் பார்ப்பார் என்பதுதான் விதி; ஆனால் அவர் பின்னால் காம்பவுண்டே உள்ளே வந்தது. கூடம் இருட்டாக இருந்தது. படுக்கையறையிலிருந்து கடகடவென்று ஓர் ஒலி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசை விசிறி. அது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்ததால், அதன் ஒலி எனக்கு அமைதியாகவே ஆகிவிட்டிருந்தது. அணைக்க வேண்டிய பொருள்களில் ஒன்றாக அது நினைவுக்கே வரவில்லை.

விசிறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பி, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. அதன் எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியின் முதுகில் இளம்பச்சைச் சுங்குடிச் சேலை. விசிறி அதன் பக்கம் திரும்பும்போதெல்லாம் முந்தானை எழும்பி, கட்டிலில் என் தலையணை கிடந்த பக்கம் ஒருமுறை அசைந்து, விழுந்தது. சேலையிலிருந்து பவுடர் வாசம், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் அடுப்படி. நான் அன்றாடம் நுகர்ந்த அதே வாசம், அத்தனை பேர் நடுவில் அறை முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஈரமாக இருந்தது. காயப் போட்டேன்” என்றேன்.

பேச்சியம்மாள் முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். “இது கோமதி ஆத்தா வீட்டுக்குப் போன அன்னைக்குக் காலையில கட்டியிருந்ததுல்ல. அம்புட்டு மாசமாவா சார் காயுது?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். பேச்சியம்மாள் விசிறியை அணைக்கக் கை நீட்டியவர், ஏனோ கையை இழுத்துக்கொண்டார். காதர் பாய் தொண்டையைச் செருமினார். “மீட்டர் கோளாறுதான். சார் சொன்னது சரி. எல்லாரும் வெளிய வாங்க, செத்த நேரம் காத்து வரட்டும்.” அந்த மனிதரின் பரிவை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

கரண்ட் கசிந்த மர்மம் அன்று மதியமே தீர்ந்தது. கிணற்று மோட்டாரின் ஒயர் எந்தச் சப்-மீட்டரையும் தொடாமல் நேராகப் பெரிய மீட்டரிலிருந்து போயிருந்தது. எல்லோரும் குடிக்கும் தண்ணீருக்கான கரண்ட். இயற்பியல் விரிவுரையாளன் தினமும் அந்த மோட்டாரைக் கடந்துதான் குளிக்கப் போனான். ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் மறுபடியும் கிணற்றடியில் ஒன்றுகூடிப் பேசத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பேச என்னைக் கொடுத்திருந்தேன்.

பேச்சியம்மாளுக்கும் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதை நான் சொல்லத் தவறிவிட்டேன். அவர் முருகையாவின் பேருந்தில்தான் ஊருக்குப் போவார் என்பதையும்.

திங்கட்கிழமை காலை முருகையா எனக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே, “சார்வாள், மீட்டரு நின்னுச்சா, இன்னும் ஓடுதா?” என்று விசாரித்தார். நான் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை போனேன்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருமுனையில் பேருந்து நின்றது. வழக்கமான இருக்கையில் இருந்து கண்ணாடியைப் பார்த்தேன். அவர்கள் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ அணைந்ததுபோல் இருந்தது. சேலைக் கதை அந்த வீட்டுக்கும் போயிருக்கும். அவளுக்கு என்னைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது என்று எண்ணினேன். அப்போது முன்படிக்கட்டில் சலசலப்பு. ஒரு துணி மூட்டை ஏறியது. ஒரு தொட்டில் கம்பு ஏறியது. பிறகு குழந்தையோடு கோமதி ஏறினாள்.

“டிக்கெட்டு?” என்றார் முருகையா, எதுவும் அறியாதவரைப்போல.

“அந்தா உக்காந்திருக்காகல்ல, அவிய எடுப்பாக” என்றாள்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். மாமனார் கீழே நின்றார். அவரும் தட்டு வைத்து அழைக்கவில்லை, நானும் வந்து கூட்டிப்போகவில்லை. இருவர் கௌரவத்துக்கும் பங்கம் இல்லை. அவர் எதிர்க்கடைப் பலகையைக் கூர்ந்து படிப்பவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் கடைப் பலகையைத்தான் பார்த்தேன்.

ஒரு மாணவன் எழுந்து இடம் கொடுத்தான். கோமதி உட்கார்ந்து, குழந்தையை என் மடியில் வைத்தாள். கண்ணாடியில் பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு, “அத்தன மாசமும் தொவைக்காமலா வச்சிருந்தீக?” என்றாள்.

“சோப்பு தீர்ந்துவிட்டது” என்றேன்.

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இருமல் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் நான் எதையாவது மனத்தில் வைத்துக்கொண்டு வெளியில் முறைப்பாக இருந்தால், “பூட்டுன வீட்டுல மீட்டர் ஓடுது” என்பார்கள். மாமனார் தம் கடைசிக் காலம் வரை, என்னைக் காணும்போதெல்லாம் வானிலையைப்போல அதை விசாரித்தார். முறைப்படி தட்டு வைத்து மட்டும் ஒருநாளும் அழைக்கவில்லை.

காதர் பாயின் காம்பவுண்ட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில்தான் நாங்கள் வீடு வாங்கியிருக்கிறோம். இப்போதைய மீட்டரில் தட்டும் இல்லை, சிவப்புக் கோடும் இல்லை. ஸ்மார்ட் மீட்டராம். வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்பதை எந்த ஊரிலிருந்தும் கைபேசியில் பார்க்கலாம். அன்று என் மடியில் வைக்கப்பட்ட குழந்தை, பெங்களூரில் இருக்கும் என் மகள் கவிதா, அதைத் தன் கைபேசியில் இணைத்து வைத்திருக்கிறாள். அவளுடைய இரண்டாம் பிரசவத்துக்காகக் கோமதி அங்கே போயிருக்கிறாள். என்னையும் அழைத்திருந்தார்கள். மருமகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘மாமாவும் வரலாம்’ என்று போட்டிருந்தார். குழுவில் போட்டு அழைக்கப்படும் மாமனார் நான் அல்லேன்.

நேற்று மாலை கோமதி அழைத்தாள். “என்ன, மத்தியானத்துல இருந்து இதுல ஒரு கோடு கீழ எறங்காமப் போகுது?”

“ஃபிரிட்ஜாக இருக்கும்.”

“அது ஏறி ஏறி எறங்குமாம், கவிதா சொல்லுதா. இது நேராப் போகுது.”

“விசிறிதான். வெக்கையாக இருக்கிறது.”

“நீங்க பால்கனியிலல்ல நிக்கீக, லாரிச் சத்தம் கேக்குது. உள்ள யாருக்கு விசிறி?”

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“சரி, போயி அமத்துங்க.”

“அணைத்துவிட்டேன்” என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

மறுமுனையில் ஒரு சிசு சிணுங்கிற்று. “கோடு இன்னும் நேராத்தான் போகுது” என்றாள் கோமதி.

பெங்களூர்ப் பேருந்து இராஜபாளையத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று அவளிடம் கேட்டேன். பொதுத் தகவலுக்காகத்தான் கேட்டேன்.