வெற்றிலை போட்டால் கிருமி சாகும் என்று நான் சொன்ன கதை

மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு மருத்துவம் தெரியாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போர்வெல் வண்டியில் கூலிக்கு ஏறியவன் நான். இன்று திருச்செங்கோட்டில் ஆறு வண்டிக்கு முதலாளி. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்கும் என் ஆட்களுக்குச் சோறு, சம்பளம், புத்தி மூன்றும் நான்தான். (புத்தி இலவசம்.)

ஒருநாள் ஷெட்டுக்கு ஒரு நர்ஸம்மா வந்து, ஆட்களிடம் பால்வினை நோய் பற்றிப் பேச வேண்டும் என்றார். என் ஆட்களைப் பார்த்தா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் பேசும்போது காவலாக முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அவர் கூசாமல் சொன்னார்: "வாய் வழியா உறவு வெச்சுக்கிட்டாலும் சிபிலிஸ், வெட்டை எல்லாம் தொத்துமுங்க. அதுக்கும் ஆணுறை போடோணும். பொம்பளைங்களுக்குன்னா ஆணுறைய நீளவாக்குல வெட்டி, விரிச்சு, வாய் நேராப் படாம நடுவுல மறைப்பா வெச்சுக்கலாம்."

நான் எழுந்துவிட்டேன். "ஏன் அம்மணி, வாய்க்கு எதுக்கு உறை? பரமத்தி வேலூர் வெத்தலையில சுண்ணாம்ப நல்லாத் தடவிப் போட்டுத் துப்புனா எந்தக் கிருமி நிக்கும்? என் ஆளுங்களுக்கு நான் சொல்லிக் குடுத்ததே அதுதான்!"

கைதட்டல் வரவில்லை.

"சுண்ணாம்புல வாய் வெந்து புண்ணாயிருமுங்க. புண்ணு வழியாக் கிருமி சுளுவா உள்ள போயிரும்" என்றார் நர்ஸம்மா.

பின்னால் டிரில்லர் செல்வராசு எழுந்தான். அடுத்த மாதம் எருமப்பட்டியில் அவனுக்குக் கல்யாணம். பெண் பார்த்துக் கொடுத்ததே நான்.

"ஐயா சொன்னாப்லயே வெத்தல போட்டனுங்க. ஒதட்டுல புண்ணு வந்துச்சு. வலியே இல்ல. சுண்ணாம்பு பட்டதாக்கும்னு உட்டுட்டனுங்க. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணமுங்க."

"மடப்பயலே! அத ஊரு கேக்கவா சொல்லுவ?"

"அவரு வாயத் தொறந்ததாலதான் அந்தப் பொண்ணு தப்பிக்கும். நீங்க உக்காருங்க" என்றார் நர்ஸம்மா. ஆறு வண்டி முதலாளியை, அவன் ஷெட்டிலேயே! (உட்கார்ந்தேன்.)

டீத் தட்டோடு வந்து நின்ற என் சம்சாரம் மெதுவாகக் கேட்டாள்: "இந்த வைத்தியத்த நீங்க எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

அந்தக் கேள்விக்காகவே முதல் ரத்தப் பரிசோதனை எனக்கு நடந்தது. ஒன்றுமில்லை. செல்வராசுக்கு சிபிலிஸ். ஊசி போட்டு, புண் ஆறி, டாக்டர் சரி என்னும்வரை கல்யாணம் தள்ளிப்போனது. பெண்ணிடம் அவனே உண்மையைச் சொன்னான். அவனை மன்னித்துவிட்டாள். என்னைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, "மக்களே, உங்களுக்கு ஒரு புத்திமதி…" என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, வாழ்த்திப்போட்டு எறங்குங்க. வைத்தியம் வேண்டாம்!" என்று கீழிருந்து கத்தினாள் சம்சாரம். மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தது மணப்பெண்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் என் கைக்கு மைக் வருவதில்லை. அட்சதையைக் கொடுத்து, "போட்டுட்டுப் பேசாம வந்துருங்க மாமா" என்கிறாள் மருமகள். பெரிய மனுசனை நடத்துகிற லட்சணமா இது?