அறுபத்தொன்றாவது குல்லா

போன திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் மனைவியின் வியாபாரத்தை உலகத் தரத்துக்கு உயர்த்தியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஒன்பது பத்துக்கு அந்த வியாபாரம் குப்புறக் கிடந்தது. பத்து நிமிஷத்தில் இவ்வளவு வேலையை நான் ஆபீசில்கூடச் செய்ததில்லை.

வியாபாரம் என்றதும் பெரிய ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். என் மனைவி கம்பளி நூலில் குழந்தைகளுக்குக் குல்லா பின்னுவாள். குல்லா போடுவதில் கெட்டிக்காரி. பதினெட்டு வருஷமாக எனக்கும் போட்டுவருகிறாள். பின்னிய குல்லாக்களை இணையத்தில் ஒரு பெரிய சந்தைத் தளத்தில் கடை போட்டு, பனி கொட்டும் நாடுகளுக்கெல்லாம் விற்கிறாள். ஹாலில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், லேபிள் அடிக்கிற குட்டி பிரிண்டர், நாலு அட்டைப்பெட்டி. தலைமை அலுவலகம், கிளை அலுவலகம், கிடங்கு எல்லாம் அதுதான்.

போன மாதம் கடல் தாண்டி ஒரு மழலையர் பள்ளி ஒரே தடவையில் அறுபது குல்லா கேட்டது. போன வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. அடுப்பங்கரைக்குப் போவதுகூட ஏர்போர்ட்டுக்குப் போவது மாதிரி இருந்தது.

வீட்டில் ஒரு ஆண் சும்மா இருக்க முடியுமா?

"கடையில எனக்கும் ஒரு பொறுப்பு குடு" என்றேன்.

"பெட்டிக்கு டேப் ஒட்டுங்க."

"அது எடுபிடி வேலை. நான் சொல்றது நிர்வாகம்."

"போன மாசம் நீங்க ஒட்டின பெட்டிக்குள்ள உங்க மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து போயிடுச்சு. குழந்தைக்கு இதை எந்த வயசுல மாட்டணும்னு கேட்டு எழுதினாங்க."

நான் அசரவில்லை. இரண்டு நாள் நச்சரித்தேன். மூன்றாம் நாள் ஒரு துண்டுச் சீட்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதி என் கையில் வைத்தாள்.

"உள்ள போய்ப் பாருங்க. ஆனா நம்ம வீட்டு இணைப்புல மட்டும்தான் திறக்கணும். வேற எதுலயும் திறந்துடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?"

இந்த இரண்டே வார்த்தையால் அழிந்த கணவன்மார்களுக்குச் சங்கம் வைத்தால், கூட்டம் நடத்த மைதானம் போதாது.

ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் கால்பந்துப் பைத்தியம். வெளிநாட்டு மேட்ச் பார்ப்பதற்காக லேப்டாப்பில் ஒரு ஆப் வைத்திருக்கிறார். "இதைத் தட்டினா நீங்க எந்த நாட்டுல வேணும்னாலும் இருக்கலாம் சார். நேத்து ஃபைனல் முழுக்க நான் வேற கண்டத்துல உட்கார்ந்துதான் பார்த்தேன்" என்றார்.

"செலவு?"

"இலவசம்."

எனக்குப் பொறி தட்டியது. நம் கடையை அந்த ஆப் வழியாகத் திறந்தால், கடை அந்த நாட்டிலேயே இருப்பது போலத் தோன்றும். அங்கே இருக்கிற தாய்மார்கள் "அட, நம்ம தெருக் கடை!" என்று ஓடி வருவார்கள். அறுபது என்ன, ஆறாயிரம் குல்லா போகும். அவர் எனக்குக் கொடுத்தது ஆப். அதன் வாலில் ஒரு 'பு' சேர்ந்துகொள்ளப் போவது அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை. மனைவி மொட்டை மாடியில் நூல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் லேப்டாப்பில் ஆப்பைத் தட்டி, துண்டுச் சீட்டைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்தேன். ஒரு நிமிஷம் பரமானந்தம். இணைப்பு அறுந்தது. மறுபடி தட்டினேன். இப்போது வேறு நாடு. மறுபடி அறுந்தது. மறுபடி இன்னொரு நாடு. மூன்றாம் தடவை திரை சிவந்தது. 'சந்தேகத்துக்கு இடமான நடமாட்டம் காணப்படுவதால் இந்தக் கணக்கு முடக்கப்படுகிறது.'

"ஏங்க, கீழ என்ன சத்தம்?" மாடியிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்லம்மா. நாற்காலி."

"நாற்காலி ஐயோன்னு கத்துமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை மொபைல் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு போனின் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"சார், இணையத்துல ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு விலாசம் உண்டு. ஐ.பி.ன்னு பேரு. நீங்க போய் உட்கார்ந்த விலாசம் எப்படிப்பட்டதுன்னு விசாரிச்சீங்களா?"

"வெளிநாட்டு விலாசம். அதைவிட என்ன கௌரவம் வேணும்?"

"ஒரு வீட்டுக்குக் குடி போறீங்க. முன்னாடி அங்க இருந்தவன் திருடன். போலீஸ் வந்து கதவைத் தட்டினா யார் போய்த் திறப்பா?"

"நான்தான்."

"இலவச விலாசத்துல ஒரே சமயத்துல ஆயிரம் பேர் குடியிருப்பான் சார். போலிச் செருப்பு விக்கிறவன், அடுத்தவன் கடைப் பூட்டை உடைக்கிறவன், எல்லாரும் அதுல அடக்கம். அந்த விலாசத்தைப் பார்த்ததுமே கம்பெனிக்காரன் கதவைச் சாத்திடுவான். நீங்க போதாக்குறைக்கு அஞ்சு நிமிஷத்துல மூணு நாடு தாண்டியிருக்கீங்க."

"இருந்தாலும், வாங்குற தாய்மார்கள் பார்க்கும்போது..."

"அவங்களுக்கு உங்க ஐ.பி. தெரியவே தெரியாது சார். தெரியறது கம்பெனிக்கு மட்டும்தான்."

அதாவது, யார் பார்க்க வேண்டும் என்று வேஷம் கட்டினேனோ அவர்கள் பார்க்கவில்லை. யார் பார்க்கக் கூடாதோ அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"இந்த ஐ.பி.க்கு விரிவாக்கம்தான் என்ன?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன்.

"உங்க விஷயத்துல, ஐயோ பாவம்."

பிறகு அவரே இரக்கப்பட்டு இரண்டு வழி சொன்னார். "ஒண்ணு, வீட்டுல உண்மையைச் சொல்லிடுங்க."

"ரெண்டாவது?"

"கம்பெனிக்கு லெட்டர் எழுதுங்க. பதில் வர நாலு நாள் ஆகும்."

எழுதினேன். அவர் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். திருடன் இல்லை, குடும்பஸ்தன் என்று எழுதினேன். அறுபது குல்லாவும் அறுபது குழந்தைகளும் காத்திருப்பதை எழுதினேன். கடைசியில் கை தானாக என்னவெல்லாமோ எழுதியது. அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். "நாற்பத்தி மூணு முடிஞ்சுது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மூடிய கடைக்கு ஒருத்தி குல்லா பின்னிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கண்ணியாக, நிறம் பார்த்து, உள்பக்கம் குழந்தைத் தோலில் உறுத்துகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "பாத்திரம் நான் தேய்க்கட்டுமா?" என்று வந்தது.

அன்று மாலை பாத்திரம் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை எல்லா ஃபேனையும் துடைத்தேன்.

"உங்களுக்கு உடம்பு சரிதானே?" என்றாள்.

"மனைவிக்கு உதவி பண்ணினா உடம்பு சரியில்லைன்னு அர்த்தமா?"

"இல்லை இல்லை. அந்த மூலை ஃபேன்ல ஒரு இறக்கை விட்டுப்போச்சு, அதான் கேட்டேன்."

புதன்கிழமை காலையில் பரண். அங்கே எங்கள் கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள் ஏழு இருந்தன. ஏழையும் இறக்கித் துடைத்து ஏற்றினேன். சாயங்காலம் அவள் சொன்னாள்: "ஐம்பத்தி நாலு." எனக்குத் தலைக்குள் ஏழு கடிகாரமும் சேர்ந்து அடித்தது.

வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் திரைச்சீலைகளைத் துவைத்தேன். கம்பெனியிடமிருந்து பதில் இல்லை. என் கையிலோ துடைக்கப் பொருள் இல்லை. வீடு பளபளத்தது. அவள் கடைசிக் குல்லாவுக்குக் குஞ்சம் வைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"அம்மாவைப் பார்த்து ஒரு வருஷமாச்சு."

என் மாமியார் நல்லவர். அவரும் நானும் ஒரே வீட்டில் இருக்கும்போது மட்டும் அது வெளியே தெரியாது. போன தடவை வந்தபோது என் மேஜை, என் அலமாரி, என் தலை வாரும் திசை மூன்றையும் மாற்றிவிட்டுப் போனார். ஆனால் குற்றவாளிக்கு மாமியார் என்ன, சிறை என்ன? போனை எடுத்தேன்.

"அத்தை, ஒரு பத்து நாள் வந்து தங்கிட்டுப் போங்களேன்."

"மாப்பிள்ளைதானே பேசறது?" என்று அத்தை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மனைவி எழுந்து வந்து, என் தோளில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள். அந்தக் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, நான் செய்த பாவத்துக்கே ஒரு புண்ணியம் சேர்ந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நான் போய் அழைத்துவர, அத்தை வந்திறங்கினார். சொன்னது பத்து நாள். வந்தது மூன்று பெட்டி.

பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. கூரியர்காரர். லேபிள் அடிக்கக் கடையைத் திறக்க வேண்டும். கடை திறக்காது. இதோ, இன்னும் ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். தானே தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். நடு ஹாலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னை மன்னிச்சுடு. உன் கடையை நான்தான் பூட்டிட்டேன். இலவச ஆப், வெளிநாடு, ஐ.பி., எல்லாம் நான்தான். திங்கட்கிழமையே நடந்துடுச்சு. சொல்ல தைரியமில்லை."

கண்ணைத் திறந்தால், கூரியர்காரர் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பெட்டி மேல் லேபிள். அச்சடித்து, விலாசத்தோடு, பளிச்சென்று.

"லேபிள் எப்படி வந்தது?" என்றேன்.

"காலையில நீங்க அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனப்போ அடிச்சேன்."

"கடைதான் பூட்டியிருக்கே!"

"கடை எங்க பூட்டிச்சு? உங்களுக்குக் குடுத்தது உதவியாளர் சாவி. அதை வெச்சு உள்ள போய்ப் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. கம்பெனி பூட்டினது அந்த ஒரு சாவியை மட்டும்தான். கடையோட சாவி என்கிட்ட இருக்கு. அதை இந்த மேஜையைத் தவிர வேற எங்கேயும் நான் திறக்கிறதே இல்லை."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதாவது, நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அத்தை அதை ஏற்கெனவே வேறு மூலைக்கு மாற்றியிருந்தார்.

"அப்போ உனக்கு எப்பத் தெரியும்?" என்று தரையிலிருந்து கேட்டேன்.

"புது இடத்துல யார் திறந்தாலும் என் போனுக்குச் சேதி வந்துடும். மாடியில நூல் காயப்போடும்போதே வந்துடுச்சு. பால் வாங்கப் போனா முக்கால் மணி நேரம் கழிச்சு வர்ற மனுஷன், அஞ்சு நிமிஷத்துல மூணு நாடு சுத்தினதைப் பார்த்து எனக்கே பெருமையா இருந்துச்சு."

"லெட்டர் வேற எழுதினேனே..."

"அதுவும் வந்துச்சு. கடைக்காரிக்கு ஒரு நகல் அனுப்புவாங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "'என் மனைவி பின்னுவதைப் பார்த்தால் நூலுக்கே சந்தோஷம் வரும்'னு எழுதியிருக்கீங்க. பதினெட்டு வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை எடுத்து பத்திரமா வெச்சிருக்கேன்."

எழுந்துகொள்ள அவளே கை கொடுத்தாள். கை சூடாக இருந்தது. அதில் கம்பளி நூல் வாசனை. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. இருந்தாலும் ஆண் என்று ஒரு மரியாதை இருக்கிறதே.

"எல்லாம் தெரிஞ்சும் நாலு நாள் வாயைத் திறக்கலையே! திங்கட்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, எங்க அம்மாவை நீங்களே வாயால கூப்பிட்டிருப்பீங்களா?"