மூன்று வரி உபதேசியார்

நம் ஊரில் உபதேசத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. காய்ச்சல் என்றால் கஷாயம் சொல்ல ஒருவர், வீடு கட்டினால் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்ல ஒருவர், பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியை வைத்தே குடும்பத்தை எடைபோட ஒருவர் என்று வீதிக்கு நாலு பேர் காலங்காலமாக இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இந்தப் பந்தியில் கடைசியாக வந்து உட்கார்ந்து, முதல் ஆளாக இலை போடச் சொல்கிற இனம் ஒன்று உண்டு. அவர்தான் கண்டென்ட் உபதேசியார். அவர் எதையும் விற்க மாட்டார். விற்கிறவர்கள் இணையத்தில் என்ன எழுத வேண்டும், எத்தனை மணிக்குப் போட வேண்டும், போடுவதற்கு முன் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனால் என்ன?

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. டீ வந்தால் முதலில் படம் எடுப்பார், ஆறிய பிறகு குடிப்பார். சாவு வீட்டுக்கு வந்தால்கூட பந்தல்காரரை ஓரமாக அழைத்துப்போய், "அண்ணே, உங்களுக்குப் பேஜ் இருக்கா?" என்று கேட்பார். கன்சிஸ்டென்சி என்ற சொல்லைப் போடாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது.

அவனியாபுரம் ஜெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் பதினோரு வருஷம் கிளார்க்காக இருந்து, தம் திறமை ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில் நசுங்குகிறது என்று கண்டுபிடித்து, வேலையை விட்டுவிட்டு ஆன்லைன் வகுப்பு எடுக்க ஆரம்பித்தவர். கெட்ட மனுஷன் இல்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததே கிடையாது. தாம் சொல்வதை முதலில் நம்புகிறவரே அவர்தான், சிக்கலும் அங்கேதான்.

அவருடைய முதல் கட்டளை, காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்பது. தாம் எழுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பதற்காக நாலரைக்கே எழுந்து, விளக்கைப் பொருத்தி, தலையை வாரி, வாரிய தலையைக் கொஞ்சமாகக் கலைத்து, மறுபடி படுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்காருவார். இதைத் தினமும் செய்தால் உடம்பு தாங்காது இல்லையா? அதனால் ஒரே விடியலில் ஏழு சட்டை மாற்றி ஏழு நாளைக்கும் எடுத்துவிடுவார். மற்ற ஆறு நாளும் எட்டு மணிவரை தூங்குவார்.

இரண்டாவது கட்டளை, பத்து முதல் பன்னிரண்டு வரை போனைத் தொடக் கூடாது. இதற்காக ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வைத்திருந்தார். போனை உள்ளே வைத்து இரண்டு மணி நேரம் என்று திருகிவிட்டால், இரண்டு மணி நேரம் முடிகிறவரை வைத்தவரே அழுதாலும் திறக்காது.

மூன்றாவது கட்டளைதான் முக்கியமானது. "சனங்க மூணு வரிக்கு மேல படிக்க மாட்டாங்க. நாலாவது வரியெல்லாம் சும்மா இடத்தை அடைக்கத்தான்," என்பார். இதை ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே மூன்று வரிக்கு மேல் படிப்பதை நிறுத்திவிட்டார்.

உபதேசம் எல்லோருக்கும் உண்டு. பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அழகுபாண்டிக்கும் நடந்தது.

"அண்ணே, நீங்க வெறும் இரும்பு கேட்டை விக்கிறீங்க. ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாடியும் ஒரு கதை இருக்கணும்ணே."

"கேட்டுக்குப் பின்னாடி வீடுதானப்பா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அழகுபாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைப்பைத் தொடர்ந்தார்.

ஏஐ வந்ததும் இந்த இனத்துக்கு இரட்டை அறுவடை. அதை வைத்து எழுதுவது எப்படி என்று ஒரு வகுப்பு, அதை நம்பிக் கெட்டுப்போகாதே என்று இன்னொரு வகுப்பு. ஜெரால்டின் இரண்டாவது வகுப்புக்கு 'ஏஐ: பத்து எச்சரிக்கைகள்' என்று பெயர். அந்தப் பத்தையும் ஏஐயிடம்தான் கேட்டு வாங்கினார். பதினோரு விநாடியில் வந்தது. முதல் மூன்றைப் படித்தார், பிரமாதமாக இருந்தன. மிச்சம் ஏழும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுசெய்தார்.

இது வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு அவர் பார்வை மனைவி எஸ்தர் பக்கம் திரும்பியது.

எஸ்தர் கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் போட்டு விற்கிறவள். வீட்டின் வருஷச் செலவில் பெரும்பகுதி அந்த ஒரு டிசம்பர் வருமானத்தில்தான் ஓடும். அவளுடைய விளம்பரம் ஒரே வரி. நவம்பர் கடைசியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், "கேக் போட ஆரம்பிச்சாச்சு, வேணும்ங்கிறவங்க சொல்லுங்க" என்று எழுதி, கொஞ்சம் கலங்கலாக ஒரு படம் போடுவாள். ஆர்டர் வந்து குவியும்.

"இதுல ஆளை இழுக்கிற ஹூக்கே இல்லயே எஸ்தரு," என்றார் ஜெரால்ட்.

"ஹூக்கு இல்லாமத்தான் ஒம்பது வருசமா விக்குது."

அந்தக் கேக்கில் பாதிக்கு மேல் வாங்குகிறவர் சிம்மக்கல்லில் உலர்பழ மொத்தக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம். எஸ்தர் அவரிடம் திராட்சை வாங்கப் போய் ஏற்பட்ட பழக்கம். முதல் வருஷம் அவர், "இதை எதுலம்மா ஊற வைப்ப?" என்று கேட்டதற்கு, "திராட்சைச் சாறுதான் பாய். எங்கப்பா குடிச்சே செத்தவரு. அந்த வாடையே இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு வச்சிருக்கேன்," என்று சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் அவள் கேக் அவர் கடையில் இருக்கும். சுற்றியிருக்கும் முஸ்லிம் வீடுகளில் அதை நம்பி வாங்கினார்கள். அவர்கள் நம்பியது கேக்கை இல்லை, ஹலீம் பாயின் வாய்ச்சொல்லை.

இந்த டிசம்பரில் ஜெரால்ட் பொறுப்பேற்றார். எஸ்தரின் கேக் நம்பரைத் தம் போனுக்கு மாற்றிக்கொண்டு, அவளுக்குப் புது நம்பர் வாங்கிக் கொடுத்தார். ஏஐயிடம் 'பிளம் கேக், பாரம்பரியம், மதுரை' என்று மூன்று சொல்லைக் கொடுத்து ஒரு கதை கேட்டார். நாற்பது வரிக்குக் கதை வந்தது. 'வைகைக் கரையில் ஒரு சமையலறை. அதில் ஒரு பெண். அவள் கையில் ஒரு கனவு' என்று தொடங்கியது. அவனியாபுரத்துக்கும் வைகைக்கும் எம்புட்டு தூரம் என்பதை விடுங்கள், ஜெரால்டுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று வரி முடிந்ததும் திருப்தியாகி, கதையைப் பேஜில் போட்டார். வருகிற கேள்விகளுக்குத் தானாகவே பதில் அனுப்பும் ஏற்பாடு ஒன்றைச் செய்து, அதற்கும் இந்தக் கதையையே ஊட்டிவிட்டார்.

இருபத்து மூன்றாவது வரியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. சிம்மக்கல்லில் யாரோ ஒரு பொறுமைசாலிக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைத் தெருக் குழுவில் போட, மறுநாள் காலை ஹலீம் பாயின் கடைக்கு நாலு பேர் வந்து, கேக்கில் ரம் இருக்கிறதாமே என்று கேட்டார்கள். பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே எஸ்தருக்கு எழுதினார்: "எஸ்தரம்மா, கேக்குல மது எதுவும் இல்லைன்னு ஒரு வரி அனுப்பு. கடையில ஒட்டணும்."

மணி பத்தேகால். போன் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்தே பதில் போனது.

"அருமையான கேள்வி! எங்கள் கேக்கின் ரகசியமே அதுதான். தேர்ந்தெடுத்த பழங்களை உயர்தர ரம்மில் தொண்ணூறு நாட்கள் ஊறவைக்கிறோம்."

ஹலீம் பாய் சரக்குச் சீட்டில் விரல் வைத்துக் கடைசி வரிவரை படிக்கிறவர். இதையும் அப்படித்தான் படித்தார். ஆறு தடவை போன் செய்தார். பெட்டி ஆறு தடவை உறுமியது. பிறகு விற்காமல் இருந்த கேக்கையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக அவனியாபுரம் வந்து இறங்கினார்.

முன்னறையில் ஜெரால்ட் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "ஏழாவது எச்சரிக்கை," என்று திரையைப் பார்த்து வாசித்தார். அவரும் அதை அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார். "ஏஐ எழுதியதை முழுவதும் படித்துப் பார்க்காமல் ஒருபோதும் வெளியிடாதீர்கள். உங்கள் நற்பெயர்..."

"தம்பி, எஸ்தரம்மா இருக்கா?"

எஸ்தர் மாவுக் கையோடு வந்தாள். ஹலீம் பாய் தம் போனை நீட்டினார். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"பாய், இது நான் எழுதல."

"எனக்குத் தெரியும்மா. ஆனா உன் நம்பர்ல வந்திருக்கு. நாப்பது வீட்டுக்குக் குடுத்திருக்கேன். அம்புட்டு பேருக்கும் நான் என்னத்தச் சொல்ல?"

ஜெரால்ட் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார். "பாய், இது ஏஐ பண்ணுனது. நான் இப்பவே நிறுத்திடுறேன்," என்று பெட்டியிடம் ஓடினார். பெட்டி இன்னும் நாற்பத்தொரு நிமிஷம் என்று காட்டியது. அந்த நேரம் பார்த்து ஹலீம் பாயின் போன் மணி அடித்தது. 'எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா? ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்' என்று வந்திருந்தது. லேப்டாப்பில் ஒரு மாணவர், 'சூப்பர் டெமோ சார்' என்று எழுதியிருந்தார்.

"என் வீட்டுல ரம் ஊறுதுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள் எஸ்தர். சத்தம் போடவில்லை. மாமனார் எப்படிச் செத்தார் என்று அவருக்கும் தெரியும்.

"ஒரு நிமிசத்துல ஒரு விளக்க வீடியோ போட்டுடலாம் எஸ்தரு."

"வீடியோவெல்லாம் வேணாம். பாய் கூடப் போங்க. நாப்பது வீட்டுலயும் நீங்களே சொல்லிட்டு வாங்க."

போனார். முதல் வீடு மைதீன் பீவியின் வீடு. கணவரை இழந்து, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். பிள்ளைகள் ஆசைப்பட்டதற்காக வாங்கிய கேக் அது.

"நீங்க சாப்பிடுற கேக்கைப் பத்தி உங்களுக்குத் தெரியாத ஒரு உண்மை இருக்கும்மா," என்று ஜெரால்ட் தொடங்கினார்.

"அடுப்புல பால் இருக்கு, சுருக்காச் சொல்லு. ரம் இருக்கா, இல்லையா?"

"இல்லம்மா. அது ஏஐ தப்பா எழுதிருச்சு."

"அது யாரு, உன் கூட்டாளியா? அவனையும் கூட்டிட்டு வா."

ஜெரால்ட் ஹலீம் பாயைப் பார்த்தார். பாய் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா போட்டேன். படிச்சுப் பாக்கல."

"எம்புள்ளைக நேத்தே தின்னுருச்சுக. ஹராமான பண்டத்தை எங்கையால ஊட்டிட்டேனேன்னு காலையில இருந்து பச்சத் தண்ணி இறங்கல எனக்கு," என்றார் மைதீன் பீவி.

ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவது வீட்டுக்குப் போவதற்குள் முன்னுரை போய்விட்டது. பத்தாவது வீட்டில் ஏஐயும் போய்விட்டது. இருபதாவது வீட்டில், "கேக்குல சாராயம் இல்ல, தப்பா எழுதுனது நான்தான், மன்னிச்சிருங்க," என்று ஒரே மூச்சில் சொல்லக் கற்றிருந்தார். முப்பத்து மூன்று வீட்டில் நம்பினார்கள். ஏழு வீட்டில் கேக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஹலீம் பாய் எஸ்தரிடம் சொன்னார்: "உம்மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. ஆனா இந்த வருசம் கடையில வைக்க முடியாது. பேச்சு அடங்கட்டும்."

எஸ்தர் அன்றைக்கே தன் நம்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். 'கேக்கில் சாராயம் கிடையாது, சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து பாருங்கள்' என்று ஸ்டேட்டஸ் போட்டாள். இரண்டு நாள் கழித்து மைதீன் பீவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து மோந்து பார்த்து, ஆளுக்கொரு கேக் வாங்கிப் போனார். அது போதுமா? போதாது. அலமாரியில் இன்னும் எழுபது கேக் இருந்தது.

ஜெரால்ட் திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த வாரம், 'நாற்பது வீடுகள் எனக்குக் கற்றுத்தந்த நாற்பது பாடங்கள்' என்று எழுதித் தரும்படி ஏஐயிடம் கேட்டார். வந்ததை இந்தத் தடவை ஆறு வரி வரைக்கும் படித்தார். முன்னேற்றம்தான்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நல்லது, சிரியுங்கள். நீங்கள் வகுப்பும் எடுப்பதில்லை, பேஜும் நடத்துவதில்லை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இன்றைக்குக் காலையில் பல் துலக்கிக்கொண்டே, சர்க்கரை வியாதியை வேரோடு ஒழிக்கும் இலை என்று ஒரு நீளமான செய்தியைக் குடும்பக் குழுவில் தட்டிவிட்டீர்களே, அதைக் கடைசிவரை படித்தீர்களா? நீங்கள் படிக்கவில்லை என்றால் பரவாயில்லை, உங்கள் பெரியத்தை படித்திருக்கிறார். நம்ம பிள்ளை அனுப்பியது தப்பாகவா இருக்கும் என்று, கடைசி வரியில் சொன்னபடியே மாத்திரையை இன்றைக்கு நிறுத்திவிட்டார். முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.