பஞ்சாரத்துக்குள் ஓர் அதிகாரி

கோழியின் கண்ணால் உலகத்தைப் பார்த்த மனிதர் நெல்லைச் சீமையிலேயே ஒருவர்தான். தச்சநல்லூர் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த பஞ்சாரம் அண்ணாச்சி. புதுக் காற்றாலை வருமுன் ஊருக்குள் போய், அதனால் மனிதருக்கும் மண்ணுக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன பாதிப்பு என்று விசாரித்து எழுதுவது எங்கள் பிழைப்பு.

நாங்கள் ஒரு தெருவை முடிப்பதற்குள் அவர் ஒரு வீட்டை முடித்திருக்க மாட்டார். 'சத்தம் தொந்தரவா?' என்ற கேள்வியை ஆட்டிடமும் கேட்டுவிட்டு, பதிலுக்காக எதிரே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஆடு படிவத்தையே தின்றுவிட்டது. "ஆட்சேபணை இருக்குவே" என்று குறித்துக்கொண்டார்.

பஞ்சாரம் என்ற பட்டப்பெயர் வந்தது ராதாபுரம் பக்கம். அங்கே இசக்கியம்மா என்பவர் கோழி வளர்த்துப் பிழைத்தார். வீட்டுக்கு மேற்கே ஏற்கெனவே ஒரு காற்றாலை. கிழக்கே இன்னொன்று வரவிருந்தது.

"சாயங்காலமானா றெக்கை நிழல் வாசல் பூரா ஓடுது அண்ணாச்சி. பருந்துன்னு நெனச்சு அடைக்கோழி எந்திச்சு ஓடிருது. முட்டையெல்லாம் கூமுட்டை. காலையிலயும் நிழல் வந்தா நான் எங்கன போவேன்?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அண்ணாச்சி கோழியைக் கவிழ்த்து வைக்கும் பஞ்சாரக் கூடையை எடுத்துத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு வாசலில் குந்திவிட்டார். செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. கோழிகள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "பயமாத்தான் இருக்குவே" என்றார்.

விஷயத்தைக் கேட்ட எங்கள் அதிகாரிக்குச் சிரிப்பு. "படிவத்துல பறவைன்னா கழுகு, மயிலு. கோழியெல்லாம் சேராதுவே."

"அப்ப கோழி என்ன, எருமையா? நீங்களே வந்து உள்ள உக்காருங்க சார். அசையாம இருந்துட்டா, பாதிப்பு இல்லைன்னு நானே கையெழுத்துப் போடுதேன்" என்றார் அண்ணாச்சி.

இசக்கியம்மாவின் பிழைப்பே இதில் தொங்கியது.

அதிகாரி வீம்புக்கு வந்து உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. முதல் நிழல் சரேலென்று மேலே ஓடியதும் பஞ்சாரம் இரண்டடி தள்ளிப் போய்விட்டது.

"அசைஞ்சீங்களா சார்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

பஞ்சாரம் மெள்ளப் பழைய இடத்துக்கே நகர்ந்து வந்தது. பிறகு, "கோழியைச் சேத்துக்கிடும்வே" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

கிழக்கே வரவிருந்த காற்றாலையின் இடம் ஊரெல்லைப் பனங்காட்டுக்கு அப்பால் தள்ளிப் போனது. இசக்கியம்மா நன்றிக்கு அந்தப் பஞ்சாரத்தோடு ஒரு கோழி கொடுத்தனுப்பினார். அண்ணாச்சி கடைசிவரை அதை அறுக்கவே இல்லை. "சாட்சியைக் குழம்பு வைக்கப்படாதுவே" என்றார்.

அவர் ஓய்வு பெற்று ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டார். அந்தப் பஞ்சாரம் இன்றைக்கும் எங்கள் ஜீப்பின் பின்சீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை எடுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் விடுவதில்லை. அண்ணாச்சி இல்லாத ஜீப்பில் எனக்கு அதுதான் துணை.